அண்ணன் மகள்

டி.என்.ஏ. பரிசோதனைப் பெட்டிகள் இரண்டையும் ஆன்லைனில் வாங்கியவள் தங்கைதான். சித்தப்பாவின் ஒரே மகள். சுபாங் ஜெயாவில் ஆசிரியை. நான் பிரிக்பீல்ட்ஸில் அம்மாவோடு இருக்கிறேன். அப்பா இறந்து பல வருடம் ஆகிவிட்டது.

"நம்ம ரத்தத்துல கொஞ்சம் சீனம் ஓடுதான்னு பாப்போம்லா அக்கா" என்றாள். சிரித்துக்கொண்டே குழாயில் எச்சிலைத் துப்பி அனுப்பினோம்.

சீனம் ஓடவில்லை. ஆனால் உறவினர் பட்டியலில் அவள் பெயருக்குக் கீழே ஹாஃப் சிஸ்டர் என்று இருந்தது. நாங்கள் அக்கா தங்கை என்றுதானே பழகுகிறோம், அதைத்தான் சொல்கிறது போல என்று முதலில் நினைத்தேன். அப்புறம் அந்த நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டேன். அண்ணன் தம்பி பிள்ளைகளுக்கு இவ்வளவு பொருத்தம் வராது, இருவருக்கும் அப்பாவோ அம்மாவோ ஒருவராகத்தான் இருக்க வேண்டும் என்று பதில் வந்தது.

எங்கள் அம்மாக்கள் வேறு வேறு. அப்படியானால் அப்பா ஒருவர். என் பெற்றோருக்குக் கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்து நான் பிறந்தேன். எனக்குப் பிறகு யாரும் இல்லை. தங்கை இதையெல்லாம் யோசித்திருப்பாள். போனில் கூப்பிட்டு, "யார்கிட்டயும் சொல்ல வேணாம்" என்றாள். சரி என்றேன்.

சித்தி போனபிறகு சித்தப்பா தங்கை வீட்டில்தான் இருக்கிறார். இரண்டு சிறுநீரகமும் கெட்டுவிட்டன. கிள்ளானில்தான் டயாலிசிஸுக்கு இடம் கிடைத்தது. வாரத்தில் மூன்று நாள். சனிக்கிழமை காரில் கூட்டிப்போவது என் முறை. இப்போது அந்த முக்கால் மணி நேரம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டுவது எனக்குத் தாங்கவில்லை. ஸ்டியரிங்கில் இருக்கும் என் விரல்களையும் அவர் மடியில் இருக்கும் விரல்களையும் ஒப்பிட்டுக்கொண்டே போவேன். இறங்கி ஓடவும் முடியாது, கேட்கவும் முடியாது.

பிறகு டாக்டர், சொந்தப் பிள்ளைகள் யாராவது கிட்னி கொடுக்க முடியுமா என்று கேட்டார். தங்கைக்கு இனிப்பு நீர், சர்க்கரை வியாதி; அவளால் முடியாது. அன்று சமையலறையில் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, நீயும் மகதானே."

அந்த வார்த்தையை அதுவரை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அவளும் திரும்பச் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம், சித்தப்பாவுக்கு நான் கிட்னி கொடுக்கலாம் என்று நினைக்கிறேன் என்று மட்டும் சொன்னேன். அம்மா நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தார்.

"உனக்கு எதுக்கு அதெல்லாம்? ரத்தம் கித்தம் டெஸ்ட் எடுக்கப் போயிடாத."

நான் ரத்தப் பரிசோதனையைப் பற்றிப் பேசவே இல்லை. அம்மா தலையை நிமிர்த்தவும் இல்லை. கிள்ளிப்போட்ட தலைகளைக் காகிதத்தில் மடித்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

அடுத்த சனிக்கிழமை கூட்டரசு நெடுஞ்சாலையில் மழை. கார்கள் நகரவே இல்லை. சித்தப்பா வெளியே பார்த்தபடி பேசினார்.

"தங்கச்சி உங்கிட்ட ஏதாச்சும் கேட்டாளா?"

"ஆமா சித்தப்பா."

"குடுக்காத. உங்கிட்ட நான் வாங்க மாட்டேன்." கண்ணாடியில் படிந்த ஆவியை உள்ளங்கையால் துடைத்தார். "அண்ணங்கிட்ட எடுத்தது போதும்மா."

கேட்பதற்கு அதைவிட நல்ல நேரம் இனி வராது. என்ன எடுத்தீங்க என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். முதலில் எனக்கு வந்தது நிம்மதி: என்னை யாரும் அறுக்கப்போவதில்லை. அந்த நிம்மதி வெட்கமாக மாற, முன்னால் இருந்த லோரி நகரும் நேரம்கூட ஆகவில்லை. இவர் என்னை விட்டுவிட்டார் என்று பார்த்தால், மகளாக நான் நுழைந்திருக்கக்கூடிய கதவையும் சாத்திவிட்டார். நான் யார் பிள்ளை என்று இவருக்குத் தெரியும் என்பது இப்போது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று இவருக்கும் தெரியுமோ என்னவோ.

அவரைச் சிகிச்சைப் படுக்கையில் விட்டுவிட்டு வெளியே வந்ததும் தங்கை போன் செய்தாள்.

"கிட்னி விஷயம் அப்பாகிட்ட பேசினியாக்கா? என்ன சொன்னாரு?"

"வேணாங்கிறாரு."

"ஏன்?"

"வயசாயிடுச்சு, எதுக்குங்கிறாரு."

அவள் அழுதாள். நான் காருக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டேன். இன்னும் நான்கு மணி நேரம் காத்திருக்க வேண்டும், அப்புறம் அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டு அதே பாதையில் போக வேண்டும்.

இப்போதும் சனிக்கிழமை என் முறைதான். ரேடியோவைக் கொஞ்சம் சத்தமாக வைத்துக்கொள்கிறேன். அவரும் குறைக்கச் சொல்வதில்லை.