கியர்பாக்ஸ் தின்ற கக்கூஸ்

சுரங்கத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் மெஷின் ஓட்டி ரிட்டயர் ஆன தெய்வசிகாமணிக்கு, தான் ஓட்டிய எந்தச் சாமானின் விலையும் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் வரவில்லை. மெஷின் நின்றால் போனை எடுத்து ‘பிரேக்டவுன்’ என்று ஒரே ஒரு வார்த்தை சொல்வார். மெயின்டனன்ஸ் ஆட்கள் வருவார்கள். அவர்கள் பார்த்து முடிக்கிறவரை இவர் கேபினை விட்டு இறங்கி, நிழல் பார்த்து உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறப்பார். ஆகவே பிரேக்டவுன் என்ற சொல் காதில் விழுந்தாலே அவருக்கு எலுமிச்சைச் சாதமும் உருளைக்கிழங்குப் பொரியலும்தான் ஞாபகம் வரும். அதைவிட இனிய சொல் எந்த மொழியிலும் கிடையாது என்பது அவர் கருத்து.

உலகத்தை அவர் மூன்றாகப் பிரித்து வைத்திருந்தார்: பர்மனென்ட், கான்ட்ராக்ட், பிரைவேட். அவர் பெண் பார்க்கப் போனபோது மாப்பிள்ளையின் குணத்தையோ உயரத்தையோ யாரும் விசாரிக்கவில்லை. “பர்மனென்ட்டா?” என்று கேட்டார்கள். “பர்மனென்ட்” என்றார். அப்போதே தாம்பூலம் மாற்றிவிட்டார்கள். பிரைவேட் என்கிற சொல்லை மட்டும் அவர் மூக்கைச் சுளிக்காமல் உச்சரித்ததே இல்லை. கம்பெனி டவுன்ஷிப்பின் வேப்ப மர நிழலையும் அகலமான ரோட்டையும் தாண்டி, வெளியே இருக்கும் மந்தாரக்குப்பத்துக்குள் நுழையும்போதெல்லாம் சட்டைப் பையிலிருந்து கைக்குட்டை தானாக மூக்குக்கு ஏறிவிடும்.

ரிட்டயர்மென்ட் பணம் வந்தது. மொத்தமாகப் பணம் பார்த்த மனிதனைச் சுற்றி யோசனைகள் மொய்ப்பது இயற்கை. அவர் மனைவி கஸ்தூரியம்மாளுக்கு ஒரே யோசனைதான். கம்பெனி குவார்ட்டர்ஸைக் கெடுவுக்குள் காலி செய்தாக வேண்டும். பக்கத்து ஊரான வடக்குத்தில் வாங்கிப் போட்ட மனையில் சுவர் எழும்பிக் கூரையும் போட்டாயிற்று. மிச்ச வேலையை முடித்துவிட்டுப் பாலைக் காய்ச்சலாம். தெய்வசிகாமணிக்கு அது அற்பமாகத் தெரிந்தது.

“லாரி வாங்குறோம். லாரி ஓடும், வூட்ட அதுவே கட்டி முடிச்சிடும்” என்றார்.

“லாரிக்குக் கொத்தனார் வேலையும் தெரியுமா?” என்றார் கஸ்தூரியம்மாள்.

பண்ருட்டியில் ஒரு முந்திரி வியாபாரியிடம் ஆறு சக்கரப் பழைய டிப்பர் லாரி ஒன்றை வாங்கினார். பெண்ணைத் தாரை வார்க்கிற அப்பன் கண் கலங்குவான். வண்டிச் சாவியைக் கொடுத்த வியாபாரியோ வாய் கொள்ளாமல் சிரித்தான். அங்கேயே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

வீடு கட்டுகிறவர்களுக்குச் செங்கல், ஜல்லி, எம்-சாண்ட் என்று லோடு அடிப்பது லாரியின் தொழில். ஓட்டுவதற்குக் குமரவேல் என்ற டிரைவர். அவன் வந்து சேர்ந்து நாலு வாரம் ஆவதற்குள் வண்டி மேட்டில் ஏற மறுத்தது. இன்ஜின் உறுமியது, சக்கரம் நகரவில்லை, அடியிலிருந்து ஒரு நாற்றம் கிளம்பியது. முடி பொசுங்கி, அதன் மேல் செத்த எலியை வாட்டியது போன்ற நாற்றம். கிளட்ச் பிளேட் கருகிவிட்டது.

கிளட்ச் பெடல் மேல் காலைச் சும்மா வைத்துக்கொண்டே ஓட்டினால் பிளேட் ஒட்டியும் ஒட்டாமலும் தேய்ந்து கருகும். லாரிக்காரர்கள் அதை ஆஃப் கிளட்ச் என்பார்கள். யாரோ ஒரு டீக்கடைக்காரர் இந்த ஞானத்தைத் தெய்வசிகாமணிக்கு வழங்கியிருந்தார்.

“நீ ஆஃப் கிளட்ச்ல ஓட்டுற” என்றார் குமரவேலிடம்.

“பழைய வண்டி, பழைய பிளேட்டு சார். நான் இன்னா அத நக்கியா துன்னேன்?”

“ஒரு மெஷினோட மரியாதை கான்ட்ராக்ட் ஆளுக்குத் தெரியாது. போ.”

குமரவேல் போய்விட்டான். பில் வந்தது. பிளேட் மட்டும் மாற்றக் கூடாதாம், பிரஷர் பிளேட், பேரிங் எல்லாம் சேர்த்து ‘செட்டா’ மாற்ற வேண்டுமாம். கூலியோடு இருபத்தெட்டாயிரம். கஸ்தூரியம்மாள் ரூபாயில் கணக்குப் பார்க்கிறவர் அல்லர். பணம் எல்லாமே அவருக்கு வீட்டின் ஏதாவது ஒரு பாகமாகத்தான் தெரியும். பில்லைக் கேட்டுவிட்டு, “சமையக்கட்டு டைல்ஸ் போச்சு” என்றார்.

இனிமேல் வண்டியைத் தானே ஓட்டுவது என்று தெய்வசிகாமணி தீர்மானித்தார். வாலிபத்தில் எடுத்த ஹெவி லைசென்ஸை அவர் ஒரு தடவைகூட ரினியூ செய்யத் தவறியதில்லை. “நான் ஓட்டின மெஷினு நாலு மாடி உசரம். இது அதும் முன்னால தீப்பெட்டி” என்று சொல்லிவிட்டுத் தீப்பெட்டியில் ஏறினார்.

மழைக்காலம் வருவதற்குள் இன்னொரு செட்டு கருகியது. வீட்டின் முன் கேட்டும் ஜன்னல் கம்பிகளும் போயின. அதற்குப் பிறகு கியர் போடும்போதெல்லாம் கறகறவென்று எலும்பு கடிக்கிற சத்தம் வந்தது. அது லாரியின் சுபாவம் என்று எடுத்துக்கொண்டார். கடைசியில் ஒரு நாள், வடலூர் போகிற ரோட்டில், முழு லோடு ஜல்லியோடு வண்டி நின்றது. மூன்றாவது கியர் உள்ளேயே போகவில்லை. தெய்வசிகாமணி பழக்க தோஷத்தில் மந்தாரக்குப்பம் மெக்கானிக் தனகோட்டிக்குப் போன் போட்டு “பிரேக்டவுன்” என்றார். பிறகு ஒரு புளிய மரத்தடியில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்தார். சாதம் தீர்ந்தது, ஒருவரும் வரவில்லை. மறுபடி போன் செய்தார்.

“எதுல கட்டி இழுத்துக்கினு வரீங்க சார்?” என்றான் தனகோட்டி. “நாங்க ஷெட்ட வுட்டு வர மாட்டோம்.”

அன்றைக்குத்தான் அவருக்கு அந்த இனிய சொல் புளித்தது.

தனகோட்டியின் ஷெட்டை வர்ணிப்பது நல்ல குடும்பத்தில் பிறந்தவர்கள் செய்கிற காரியம் அல்ல, இருந்தாலும் கதைக்கு வேண்டியிருக்கிறது. தரை முழுக்கக் கறுத்த சேறு. அதில் செருப்பை வைத்தால் செருப்பு சேற்றுக்கே சொந்தம். டீ கிளாஸில் மூன்று தலைமுறை மெக்கானிக்குகளின் கைரேகை. பின்னால் ஒரு கருவேலங்காடு. ஷெட்டுக்கு வருகிற டிரைவர்கள் அனைவரும் தண்ணீர் பாட்டிலோடு ஒதுங்குகிற இடம் அது. காற்று அந்தப் பக்கமிருந்து அடித்தால் கிரீஸ் வாசனை சந்தனமாகிவிடும். இத்தனைக்கும் நடுவில் தனகோட்டி வெள்ளைச் சட்டையின் மடிப்புக் கலையாமல், நெற்றியில் விபூதியோடு நிற்பான். எந்தச் சாமானையும் தொடமாட்டான். பெரிய டாக்டரைப் போல ஒரு ஸ்க்ரூடிரைவரால் சுட்டிக்காட்டுவதோடு சரி.

கியர்பாக்ஸை இறக்கி, அடியில் தட்டு வைத்து ஆயிலைத் திறந்துவிட்டார்கள். வெள்ளிப் பொடி தூவிய கறுப்புப் பாயசம் போல அது கொழகொழவென்று வடிந்தது. தெய்வசிகாமணி கைக்குட்டையை இரண்டு மடிப்பாக்கிக்கொண்டார்.

“சீ! என்ன இது?”

“பல்லு சார். மூணாவது கியரோட பல்லு அரைஞ்சி பொடியாயிருக்குது. அந்த வீலு மாத்தணும். இறக்கினது இறக்கியாச்சு, பக்கத்து வீலையும் மாத்திடுவோம்.”

“அது நல்லாத்தானே இருக்குது?”

“இப்ப நல்லாயிருக்குது. பூட்டினப்பறம் போச்சின்னா மறுபடி இறக்கணும், மறுபடி கூலி. இறக்கினது இறக்கியாச்சு, பேரிங்கு எல்லாத்தையும் பாத்துடலாம். ஆயில் சீலு இன்னா, சுண்டக்கா விலை.”

‘இறக்கினது இறக்கியாச்சு’ என்பது மெக்கானிக்குகளின் மூல மந்திரம். அதை ஒரு தடவை சொன்னால் ஒரு பேரிங், பத்துத் தடவை சொன்னால் ஒரு கியர்பாக்ஸ். தனகோட்டி அன்று பதினொரு தடவை ஜபித்துவிட்டு, எண்பத்தைந்தாயிரத்தில் கொண்டுபோய் நிறுத்தினான்.

தெய்வசிகாமணி வீட்டுக்குப் போய்த் தொகையைச் சொன்னார். கஸ்தூரியம்மாள் வீட்டை ஒவ்வொரு பாகமாக எண்ணிப் பார்த்தார். சமையல் கட்டு மொட்டையாகக் கிடக்கலாம். கேட்டுக்குப் பதில் படலைச் சாத்தலாம். மிச்சமிருந்தது ஒரே ஒரு பாகம்தான். மறுநாள் ஷேர் ஆட்டோ பிடித்து அவரே ஷெட்டுக்கு வந்து இறங்கினார். புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிக்கொண்டு சேற்றைத் தாண்டினார்.

“என் கக்கூஸ எங்க வச்சிருக்கீங்க? காட்டுங்க.”

தனகோட்டிக்குப் புரியவில்லை. புரிந்ததும் பல் உதிர்ந்த சக்கரத்தை ஸ்க்ரூடிரைவரால் காட்டினான். “இதாம்மா.”

கஸ்தூரியம்மாள் அதைச் சுற்றி வந்து பார்த்தார். “குந்தறதுக்குக்கூட லாயக்கில்லையே.”

“நான் இன்னாம்மா பண்ணட்டும்? எவனோ ஆஃப் கிளட்ச்லயே ஓட்டியிருக்கான். கிளட்ச் செட்டு வெந்து, அதோடயே கியரக் குத்திக் குத்திப் போட்டதுல பல்லெல்லாம் போச்சு.”

“அந்தக் குமரவேல்தான்” என்றார் தெய்வசிகாமணி, முக்காலியில் உட்கார்ந்தபடி.

“அந்தப் புள்ள போயி எத்தினி மாசம் ஆவுது?” என்ற கஸ்தூரியம்மாள் மெக்கானிக்கின் பக்கம் திரும்பினார். “தம்பி, அவரு எடது காலக் கொஞ்சம் பாரு.”

தனகோட்டி பார்த்தான். முக்காலிக்குக் கீழே ஒரு காலி கிரீஸ் டப்பா கிடந்தது. தெய்வசிகாமணியின் இடது கால் அதன் மேல் இருந்தது. டப்பா பாதிக்கு மேல் நசுங்கியிருந்தது, இன்னும் மெல்ல மெல்ல நசுங்கிக்கொண்டிருந்தது.

“சார், கால் இன்னா பண்ணுது?”

“என்ன பண்ணுது? சும்மாதானே இருக்குது.”

“சும்மாவா இருக்குது?” என்றார் கஸ்தூரியம்மாள். “கல்யாணம் ஆனதுலேந்து பாத்துக்கினுதான் இருக்கேன். சோறு துன்னா தரைய அழுத்துறாரு. படுத்தா கட்டில அழுத்துறாரு. ரெண்டு கட்டிலு மாத்தியாச்சு.”

உண்மை வேறு வழியின்றி வெளியே வந்தது. அவர் வேலைக்குச் சேர்ந்த காலத்து மெஷினில் இடது காலுக்கு ஒரு பெடல் உண்டு. ஷிப்ட் முழுக்க அதை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். ஆப்பரேட்டர் தூங்கி, கால் எடுபட்டால் மெஷின் நின்றுவிடும். முப்பது வருஷம் அந்தக் கால் எடுபட்டதே இல்லை. அதற்காக அவருக்கு ஒரு எவர்சில்வர் குடம் பரிசாகக்கூடக் கிடைத்தது.

“தூங்காத ஆளுன்னு பேர் வாங்கின கால் இது” என்றார் கம்பீரமாக.

“அதான் சார், கிளட்சையும் தூங்க வுடல” என்றான் தனகோட்டி.

ஷெட்டில் இருந்த டிரைவர்கள் எல்லோரும் அந்தக் காலைப் பார்க்க வந்துவிட்டார்கள். ஒருவன் போட்டோ எடுத்தான். தெய்வசிகாமணி கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். ஆயில் நாற்றத்துக்காக அல்ல, இவ்வளவு பிரைவேட் ஆட்கள் ஒரு பர்மனென்ட் காலைப் பார்த்துச் சிரித்ததற்காக.

தனகோட்டி ஒரு வழி சொன்னான். “வண்டிய இருக்கற நெலைக்கே குடுத்துடுங்க சார். நானே எடுத்துக்கறேன். வர்ற காசுல அம்மாவுக்குக் கக்கூஸ கட்டிடுங்க.”

“குடுத்துடுங்க” என்றார் கஸ்தூரியம்மாள். குரல் இறங்கியிருந்தது. “இந்த மாசக் கடைசியில குவார்ட்டர்ஸ வுடணும். அறுவது வயசுல என்னச் சொம்பத் தூக்கிக்கினு முந்திரிக்காட்டுக்கு அனுப்பாதீங்க.”

அதைக் கேட்டு ஒரு கணம் அவர் மனம் இளகியது உண்மை. ஆனால் கிரீஸ் டப்பாவைச் சுற்றி டிரைவர்கள் நின்றுகொண்டிருந்தார்கள்.

“பிரேக்டவுன் ஆன மெஷின விட்டுட்டு எந்த ஆப்பரேட்டரும் போனது கெடையாது” என்றார் தெய்வசிகாமணி. “வேலைய ஆரம்பி. இறக்கினது இறக்கியாச்சு.”

பன்னிரண்டாவது தடவையாக அந்த மந்திரத்தை ஜபித்தது அவரே.

கஸ்தூரியம்மாள் சண்டை போடவில்லை. மறுநாள் காலை, துணிப் பையோடு பண்ருட்டியில் இருக்கும் மகள் சங்கீதா வீட்டுக்குப் பஸ் ஏறினார். “கக்கூஸ் வந்தா போன் பண்ணுங்க” என்று மட்டும் சொன்னார்.

மாதக் கடைசியில் தெய்வசிகாமணி தன்னந்தனியாக வடக்குத்து வீட்டில் பால் காய்ச்சினார். பால் திரிந்துவிட்டது. பின்புறம் செப்டிக் டேங்குக்கு வெட்டிய குழியில் மழைத் தண்ணீர் நின்று, பச்சை படர்ந்து, தவளைகள் குடியேறியிருந்தன. அவற்றின் கிரகப்பிரவேசம் இவரதைவிடச் சிறப்பாக நடந்தது.

லாரி தயாரானது. தனகோட்டி ஆறு மாசம் கேரண்டி கொடுத்தான், ஒரு நிபந்தனையோடு: அந்த இடது கால் டிரைவர் சீட்டுப் பக்கம் போகக் கூடாது. ஆகவே குமரவேலைக் கூப்பிட்டனுப்ப வேண்டியதாயிற்று. அவன் முன்பு வாங்கியதைவிடக் கூடுதல் சம்பளம் கேட்டான், மரியாதையாகவே கேட்டான். “அந்தாண்ட ஏறிக் குந்துங்க சார்” என்று கிளீனர் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டான்.

“மொத ட்ரிப்பு நம்ப ஷெட்டுக்கே அடிச்சிடுங்க” என்றான் தனகோட்டி. “செங்கல்லும் ஜல்லியும். பின்னாடி கருவேலங்காட்டு நாத்தம் தாங்கல சார். வர்ற டிரைவருங்களுக்கு ஒரு கக்கூஸ் கட்டிடலாம்னு. ஆண்டவன் புண்ணியத்துல இப்பதான் கையில கொஞ்சம் சேந்துது.”

அந்த ஆண்டவன் யார் என்று தெய்வசிகாமணிக்குத் தெரியும். செங்கல் அடித்தார், ஜல்லி அடித்தார், கடைசியாக டைல்ஸ் பெட்டிகளையும் கொண்டுவந்து இறக்கினார். வாடகையைத் தனகோட்டி பில் பாக்கியில் கழித்துக்கொண்டான். ஷெட்டில் கக்கூஸ் மளமளவென்று எழும்பியது. வடக்குத்துக் குழியில் தவளைகள் முட்டையிட்டுப் பெருகின.

முந்திரிக்காட்டில் நாய்த் தொல்லை என்று சொல்லிக்கொண்டு, தெய்வசிகாமணி தினமும் விடிந்ததும் ஒரு பிளாஸ்டிக் வாளியோடு ஷெட்டுக்கு வர ஆரம்பித்தார். அங்கே கூட்டம் அதிகம். மணல் லாரிக்காரர்கள், கரும்பு லோடுக்காரர்கள், ராத்திரி வண்டி ஓட்டி வந்து பீடி பற்றவைத்துக்கொண்டு காத்திருக்கும் வெளியூர்க்காரர்கள். அவர்களுடைய பீடிப் புகையையும் கொட்டாவியையும் முகத்தில் வாங்கிக்கொண்டு அவர் வரிசையில் நிற்பார். கைக்குட்டை இப்போது கழுத்திலேயே கிடந்தது.

அப்படி நிற்கும்போது ஒரு நாள் போன் அடித்தது. கஸ்தூரியம்மாள்.

“கக்கூஸ் வந்துச்சா?”

தெய்வசிகாமணி எதிரே இருந்த கதவைப் பார்த்தார். “வந்துடுச்சு.”

“நெசமாவா? டைல்ஸ் ஒட்டியாச்சா?”

“ஒட்டியாச்சு. வெள்ளை. நீ கேட்ட மாதிரியே.”

கஸ்தூரியம்மாளின் குரல் இளகியது. “லாரி லாரின்னு என்னவோ திட்டிட்டேன், மனசுல வச்சிக்காதீங்க. சங்கீதாகிட்ட சொல்லிட்டு நாளைக்கே வந்துடறேன்.”

“அவசரமில்ல, இன்னும் ரெண்டு நாள்…”

கதவு திறந்தது. உள்ளேயிருந்து ஒருவன் வந்தான், அவனோடு அவனுடைய வாசனையும் வந்தது. பின்னாலிருந்து ஒரு கரும்பு லாரிக்காரன் குரல் கொடுத்தான்: “யோவ் பெருசு, போன அப்பறம் பேசிக்க. உள்ள போறியா, நான் போகட்டா? லைன் நிக்குதில்ல?”

“யாருங்க அது,” என்றார் கஸ்தூரியம்மாள், “நம்ப வூட்ல லைன்ல நிக்கறது?”

தெய்வசிகாமணி போனை அணைத்துவிட்டு வாளியைத் தூக்கினார்.