பேலன்ஸ் டெஸ்டும் எலுமிச்சம்பழமும்

கேக்கறதுக்காகக் காதுக்குள்ள கருவி வெச்சு ஆபரேஷன் பண்ணதுலேர்ந்து நடந்தா தள்ளாடுது. இன்னைக்கு கள்ளக்குறிச்சியில பேலன்ஸ் டெஸ்ட். காதுல சூடாவும் குளிராவும் காத்தடிச்சுப் பார்த்தாங்க; அதுல தலை கிறுகிறுன்னு சுத்த ஆரம்பிச்சுடுச்சு.

அந்தத் தலைசுத்தலோடவே வெள்ளிமலை பஸ்ல ஏறினேன். படியிலேயே சாஞ்சுட்டேன்.

"பட்டப்பகல்லயே ஊத்திக்கினு வந்துட்டியா?"ன்னாரு கண்டக்டர்.

காதுக்குப் பின்னால மாட்டியிருக்கிற, அந்தக் கருவியோட வெளி மிஷினைக் காட்டி, "குடிக்கலைங்க, ஆபரேஷன்"னேன்.

"குடிகாரனுக்கு மிஷின் வேறயா?"

பஸ்ஸே சிரிச்சது. முன்சீட்டு அம்மா மட்டும் பாவப்பட்டு, போதை இறங்கட்டும்னு ஒரு எலுமிச்சம்பழம் குடுத்தாங்க. வாங்கிக்கினு, கம்பியைப் பிடிச்சு நின்னேன்.

ஆபரேஷனுக்கு முன்னாடின்னா அந்தச் சிரிப்பு எனக்குக் கேட்டிருக்காது. மிஷின் நல்லாவே வேலை செய்யுது.

பழம் பையிலதான் இருக்கு. யாருக்காவது வேணும்னா சொல்லுங்க.