கெட்டிமேளத்துக்கு அடியில் போன வயலின்

நேற்று மகள் வயலின் பெட்டியைத் திறந்தாள். மூன்று மாதம் மூடிக் கிடந்த பெட்டி. கோலசிலாங்கூர் சாலையில் லோரி ஒன்று அவள் காரை இடித்ததில் இடது மணிக்கட்டு உடைந்தது. மாவுக்கட்டைப் பிரித்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. "கை பழையபடி வருமான்னு வாசிச்சுப் பாத்தாத்தான் தெரியும்" என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

பெட்டிக்குள்ளிருந்து வில்லில் தேய்க்கும் ரோசின் வாசம் வந்தது. எனக்கு அது ரவாங்கில் நான் வேலை பார்த்த தொழிற்சாலையின் வாசம். அங்கே ஈயப்பற்று வைத்த காலத்தில், ஈயக்கம்பிக்குள் இருக்கும் இதே ரோசின்தான் புகைந்து சட்டையில் ஏறும். ஏழு வயதில் முதல்முதலாக ரோசின் தேய்த்தவள் மோந்து பார்த்துவிட்டு, "ப்பா, ஒங்க சட்ட மாதிரி இருக்கு" என்றாள். எனக்கு வந்த பெருமையைக் கேட்காதீர்கள்.

பல்கலைக்கழகத்தில் அவள் யூதர்களின் கல்யாண இசையில் போய் விழுந்ததும் அந்தப் பெருமை கொஞ்சம் ஆட்டம் கண்டது. வயலின் விக்கும், விக்கிக்கொண்டே சிரிக்கும். அந்தச் சாயலில் சொந்தமாகவும் மெட்டுப் போட ஆரம்பித்தாள்.

"சடங்குக்கு முன்னாடி பொண்ண உக்கார வச்சு, அழ வைக்கவே வாசிப்பாங்கப்பா."

"நம்மள்ல அழுக கேக்கக் கூடாதுன்னுதாம்மா கெட்டிமேளமே."

பிறகு ஈஜோக்கில் என் அக்கா மகள் கல்யாணம் வந்தது. தாலித் தட்டு கூட்டத்தைச் சுற்றி வரும்போது இவள் தன் மெட்டை வாசித்தாள். மணப்பெண் கண்ணைத் துடைத்தாள். அக்கா என் காதைக் கடித்தாள்: "நல்ல காரியத்துல என்னடா தம்பி இது? ஒம் மவள நிப்பாட்டச் சொல்லு லா!"

பயந்த சுபாவம் எனக்கு. மேளக்காரரைப் பார்த்து விரலை ஆட்டிவிட்டேன். இடித்தது கெட்டிமேளம். தட்டு ஏந்திய பெண் பாதி வழியில் மணவறைக்கு ஓடினாள். மாப்பிள்ளை பதறிப்போய்த் தாலியைக் கட்டினார். ஐயர் என்னை முறைத்தார். வயலின் எங்கே போயிற்றென்று யாரும் கேட்கவில்லை. வீடு வந்த பிறகுதான் மகள் வாயைத் திறந்தாள்: "பாதிதான்ப்பா வாசிச்சேன்."

ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்திருந்த நாளெல்லாம் அந்த மிச்சப் பாதிதான் என்னை அரித்தது.

நேற்று அதே மெட்டு. நடுவில் இரண்டு முறை நிறுத்தினாள். நான் அவள் மணிக்கட்டையே பார்த்தேன்.

"கை நல்லாத்தான்ப்பா இருக்கு. விரல் நுனிதான் எரியுது."

மறுபடி தொடங்கி, அந்த மிச்சப் பாதியையும் முடித்தாள். அழுதது நான்தான். கெட்டிமேளம் கொட்ட ஆளில்லை.

அப்புறம் அவள் விரல்களைப் பிடித்துத் தடவிப் பார்த்தேன். அத்தனை வருடம் தந்தியை அழுத்தி ஏறிய காய்ப்பு ஒன்றுகூட இல்லை. முதல்முதலாக ரோசின் தேய்த்த அன்று இருந்த அதே மென்மை.

"வந்துரும்ப்பா" என்று விரலை உருவிக்கொண்டு, மறுபடி வில்லை எடுத்தாள்.