கீறல் போக்கிய வெர்லின் ஹாகன்

எங்கள் லூத்தரன் சபையில் இரக்கம் மிகுந்தவர் யார் என்று கேட்டால் வெர்லின் ஹாகனைத்தான் கைகாட்ட வேண்டும். எந்தப் பொருளையும் நிம்மதியாகச் சாக விடமாட்டார். ரொட்டி வாட்டும் பெட்டி, புல் வெட்டும் மெஷின் என்று மூச்சை நிறுத்தப் பார்த்த எல்லாவற்றையும் தன் கராஜுக்குத் தூக்கிப் போய், இன்னும் சில வருஷம் குற்றுயிராக வாழ வைத்துத் திருப்பித் தருவார். அவர் சரிபண்ணிக் கொடுத்த சபையின் மின்சாரக் காபிப் பாத்திரத்தை இன்றைக்கும் தொட்டால் ஷாக் அடிக்கும். தொட்டவர்கள் கையை உதறிக்கொண்டு, பரவாயில்லை, காபி சூடாக இருக்கிறது என்பார்கள்.

அமெரிக்காவில், மினசோட்டா மாநிலத்தின் மேற்கு ஓரத்தில் நாங்கள் அப்படித்தான். செய்த உதவியைக் குறை சொல்வது எங்களுக்குத் திருட்டைவிடக் கொஞ்சம் பெரிய குற்றம். நன்றாக இருந்தால் 'பரவாயில்லை' என்போம். மோசமாக இருந்தாலும் அதேதான். சகிக்கவே முடியாது, வேறு வழியே இல்லை என்றால் மட்டும், 'வித்தியாசமா இருக்கு' என்போம். அதைக் கேட்டபின் ஊரைக் காலி செய்தவர்கள் உண்டு.

வெர்லினின் மனைவி ஆர்டிஸ், துண்டுத் துணிகளை இணைத்துக் கையாலேயே போர்வை தைப்பவர். ஆகஸ்டு மாதக் கண்காட்சியில் வருஷா வருஷம் இரண்டாம் பரிசின் சிவப்பு ரிப்பன் அவருக்கு. முதல் பரிசின் நீல ரிப்பன் மார்லிஸ் டாஃப்டிக்கு. போன குளிர்காலத்தில் ஆர்டிஸின் விரல் மூட்டுகள் வீங்கிவிட்டன. இன்னொரு வருஷம் ஊசி பிடிக்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நீல ரிப்பன் வாங்க, இந்த வருஷம் தைக்கும் போர்வைதான் கடைசி வாய்ப்பு.

அந்த நேரம் பார்த்து வெர்லினுக்கு அன்பு பொங்கியது. மனைவியின் மூக்குக்கண்ணாடியில் தூசி இருப்பதைக் கண்டு, கராஜில் கிடந்த துணியால் துடைத்துக் கொடுத்தார். அந்தத் துணியில் இரும்புத் தூள் இருந்தது. இடது கண்ணாடியின் ஓரத்தில் மயிரிழைபோலச் சில கீறல்கள் விழுந்தன. ஆர்டிஸ் கண்ணாடிக் கடைக்குப் போவதாகச் சொன்னார்.

"ஒரு கீறலுக்காகக் கண்ணாடியவே மாத்துவாங்களா? குடு இப்படி," என்றார் வெர்லின்.

முதல் வைத்தியம் டூத்பேஸ்ட். கட்டைவிரலால் தேய்த்ததில் கீறல் போகவில்லை. துணைக்கு ஒரு புகைமூட்டம் வந்து சேர்ந்தது, புதினா வாசனையோடு. அடுத்தது சமையல் சோடா. மேல்பூச்சு திட்டுத் திட்டாக உரிந்தது. படங்களில் ஒளிவட்டத்தோடு வரும் புனிதர்களுக்கு எங்கள் சபையில் அவ்வளவாக இடமில்லை. ஆர்டிஸுக்கு மட்டும் ஒவ்வொரு பல்பைச் சுற்றியும் ஒளிவட்டம் தெரிந்தது. அதையும் அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. மூன்றாவதாக, கார் ஹெட்லைட்டைப் பளபளப்பாக்கும் பசை. அதுவும் பிளாஸ்டிக், இதுவும் பிளாஸ்டிக் என்று வெர்லின் தன் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு ஆராய்ந்து முடிவெடுத்தார். டிரில் மெஷினில் பஞ்சு உருளையை மாட்டி, ஒரு மத்தியானம் முழுக்க ஓட்டினார்.

கீறல் போய்விட்டது. அதில் பொய்யில்லை. கண்ணாடி ஏரித் தண்ணீர்போல மின்னியது. ஏரியைப் போலவே அலையும் அடித்தது. பார்வைக்கு வேண்டிய வளைவையும் சேர்த்துத் தேய்த்திருந்தார்.

"எப்படி இருக்கு?"

"பரவாயில்லை," என்றார் ஆர்டிஸ்.

அந்தச் சொல்லோடு கடைக்குப் போகும் வழி அடைபட்டது. இனி புதுக் கண்ணாடி வாங்கினால், கணவர் செய்தது சரியில்லை என்று ஊரறிய அறிவித்ததாகிவிடும். அதற்குப் பதில் அலைகளுக்கு நடுவிலேயே உட்கார்ந்து கோடை முழுக்கத் தைத்தார்.

சபையின் கீழ்த்தளத்தில் வியாழக்கிழமைகளில் எல்லோரும் கூடித் தைப்போம். ஆர்டிஸின் தையல் நேராகப் புறப்பட்டு, பாதியில் மனம் மாறி, பக்கத்து வயலுக்குள் நுழைந்த பசுவைப்போல எங்கோ போய்க்கொண்டிருந்தது. எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது. நாங்கள் நிறத்தைப் பாராட்டினோம். மார்லிஸ் குனிந்து வெகுநேரம் பார்த்தார். சொல்லிவிடப் போகிறார் என்று பயந்தே போனோம்.

"வெளிச்சத்துல உக்காந்துக்கோடி ஆர்டிஸ்," என்றார். பிறகு தட்டிலிருந்து இன்னொரு துண்டு எலுமிச்சைக் கேக் எடுத்துக்கொண்டார்.

கண்காட்சிக்கு நடுவராக வந்த அம்மாள் தையலை விரலால் நீவிக்கொண்டே போனார். விரல் வளைந்து வளைந்து போனது. நிமிர்ந்து, "வித்தியாசமா இருக்கு," என்றார். நீல ரிப்பன் மார்லிஸுக்குப் போயிற்று. சிவப்புகூட வேறு யாருக்கோ.

வெளியே, சோளமாவில் பொரித்த சாசேஜ் விற்கும் கடை வாசலில், வெர்லின் மனைவிக்கு ஆறுதல் சொன்னார். "அந்தம்மா கண்ணாடியப் பாத்தியா? அத்தனை கீறல். அப்புறம் எப்படி ஒழுங்கா தெரியும்? இரு, வாங்கிட்டு வந்து சரிபண்ணிக் குடுத்துடறேன்." சொன்னதோடு நிற்கவில்லை, கிளம்பியும்விட்டார்.

ஆர்டிஸ் அவர் சட்டைக் கையைப் பிடித்தார்.

"வெர்லின், நீ சரிபண்ணின கண்ணாடி வித்தியாசமா இருக்கு."

வரிசையில் நின்ற நாங்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் விலைப்பட்டியலைப் படிக்க ஆரம்பித்தோம்.

"எப்பலேர்ந்து?" என்றார் வெர்லின்.

"ஏப்ரல்லேர்ந்து."

"சொல்லியிருக்கலாமே."

"இப்ப சொல்லிட்டேன்."

அதற்குப் பிறகு ஆர்டிஸ் கடைக்குப் போய்ப் புதுக் கண்ணாடி வாங்கினார். அதைப் போட்டுக்கொண்டு முதலில் பார்த்தது அந்தப் போர்வையைத்தான். ஒரு தையல் விடாமல் பார்த்தாராம். பிரிக்கவும் இல்லை, தூக்கி எறியவும் இல்லை. கட்டிலில், வெர்லின் படுக்கும் பக்கத்தில், கோணல் தையல் அத்தனையும் தெரியும்படி சுருக்கமில்லாமல் விரித்து வைத்திருக்கிறார்.

வெர்லின் இப்போதெல்லாம் படுக்கையறை வாசலிலேயே தன் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, சுவரைத் தடவித் தடவித்தான் கட்டிலுக்குப் போகிறாராம்.