சிவப்பு பல்பும் ரேடியோக் கரகரப்பும்

காய்ந்த எண்ணெயில் கடுகைக் கொட்டினால் எப்படிப் படபடவென்று வெடிக்குமோ, அப்படித்தான் எங்கள் வீட்டு ரேடியோ பேசும். நடுவே ஒரு மனிதக் குரல் தலையை நீட்டி "எல்லையில்" என்று தொடங்கும். அடுத்த சொல்லைக் கடுகு தின்றுவிடும். எழுபத்தொன்றாம் வருஷத்துச் சண்டைக் காலம் அது. என் அண்ணன் ஏழுமலை பட்டாளத்தில் இருந்தான், அவன் கடுதாசி வருவது நின்றுபோயிருந்தது. அவன் இருக்கும் திசையிலிருந்து எங்களுக்கு ஏதாவது சேதி வரவேண்டுமென்றால் அந்தப் பெட்டி வழியாகத்தான் வரவேண்டும், அதுவோ பேய் பிடித்ததுபோல் கத்திக்கொண்டிருந்தது.

அப்பாவை நாங்கள் 'நைனா' என்போம். மாமல்லபுரத்தில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். சைக்கிளில் எங்கே என்ன சத்தம் வந்தாலும் காதாலேயே கண்டுபிடிக்கிறவர் என்பதால், இந்த ரேடியோவை மட்டும் விடுவேனா என்று வரிந்துகட்டிக்கொண்டு இறங்கினார். கூரைமேல் இருந்த ஏரியல் கம்பியை மாற்றினார். 'எர்த்து' கம்பி புதைத்த குழியில் தினமும் தண்ணீர் ஊற்றும் வேலையை என் தலையில் கட்டினார். அம்மா சமைத்துக்கொண்டே கேட்கட்டும் என்று அடுப்பங்கரைச் சுவரில் அவரே மாட்டியிருந்த இன்னொரு ஸ்பீக்கர் பெட்டியைக் கழற்றிப் பார்த்தார். உள்ளேயிருந்து ஒரு பல்லி குதித்து ஓடியதுதான் மிச்சம். கடைசியில் ரேடியோவைப் போர்வையில் சுற்றிக் கைக்குழந்தையைப்போல மடியில் வைத்துக்கொண்டு செங்கல்பட்டு பஸ் ஏறினார், நானும் கூடப் போனேன். ரிப்பேர் கடையில் சுவிட்சைப் போட்டதும் அந்தத் துரோகி கணீரென்று பாடியது பாருங்கள், எனக்கு அதை எட்டி உதைக்கலாம்போல் வந்தது.

"பொட்டில ஒண்ணும் இல்ல அண்ணாத்த, உன் வூட்டாண்டதான் இன்னாவோ கீது" என்று கடைக்காரர் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

வீட்டண்டை என்றதும் நைனாவுக்குப் பக்கத்து வீட்டு முனுசாமி மாமாவின் நினைப்புத்தான் வந்தது. கல்தச்சர்களின் உளிகளைத் தீட்டித் தருவதற்கு அவர் ஒரு சாணை மோட்டார் வைத்திருந்தார். "உன் மோட்டாராலதான்யா எம்புள்ள சேதி காதுல வுழ மாட்டேங்குது!" என்று நைனா வேலியோரம் நின்று கத்த, தெருவே வேடிக்கை பார்த்தது. மாமா ரோஷக்காரர். மறுநாள் சாயங்காலம் மோட்டாரை நிறுத்திவிட்டு, பேட்டரியில் பாடும் தன் சின்ன 'டிரான்சிஸ்டரை'த் தூக்கிக்கொண்டு நேரே எங்கள் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டார்.

"என் மோட்டாரு நின்னுகினு கீது. உன் பொட்டி இன்னும் கத்துது பாரு. இப்ப இன்னா சொல்ற?"

அவர் கையிலிருந்த டிரான்சிஸ்டரும் கரகரத்தது. அதைப் பிடித்துக்கொண்டு மாமா கூடத்தைச் சுற்றிவந்தார். வாசலண்டை போனால் கரகரப்பு குறைந்தது, உள்ளே வர வர ஏறியது. சாமி மாடத்துக்கு எதிரில் போனதும் காதைப் பொத்திக்கொள்ள வேண்டியதாயிற்று. மாடத்தில் முருகன் படத்துக்கு மேலே ஒரு சிவப்பு 'ஜீரோ வாட்' பல்பு எரிந்துகொண்டிருந்தது. "ஆட்ட தோள்ல போட்டுகினு ஊரெல்லாம் தேடுனானாம்!" என்று மாமா சிரித்தார். எங்களில் யாரும் சிரிக்கவில்லை.

அந்தப் பல்பை மாட்டியவன் அண்ணன். பட்டாளத்துக்குக் கிளம்புவதற்கு முன்னால், எனக்குத் தெரியாத வேலையா என்று அவனே ஒயரை ஒயரோடு முறுக்கி, ஹோல்டரை ஆணியில் தொங்கவிட்டு, "யம்மா, இது எரிஞ்சுகினே இருக்கட்டும். நான் வந்து அமத்துறேன்" என்று சொல்லிவிட்டுப் போனான். கடற்கரை ஊரில் உப்புக் காற்று எதைத்தான் விட்டுவைக்கும்? அவன் முறுக்கிய இடம் பச்சை பூத்து, இளகி, உள்ளுக்குள்ளே பொறி தட்டிக்கொண்டிருந்தது.

"ஒரு நிமிசம் அமத்திட்டு ஒயர இறுக்கிட்டா சரியாப் பூடும்" என்று மாமா கையை நீட்டினார். அம்மா கரண்டியும் கையுமாக வந்து குறுக்கே நின்றாள்.

"தொடாதீங்க. அவன் வந்து அமத்துறேன்னு சொல்லிக்கிறான்."

"அவன் சேதியக் கேக்கறதுக்குத்தானம்மே!"

"சேதி கேக்காட்டி போவுது. அவன் நல்லா இருந்தா போதும்."

கரண்ட் போனால் மட்டும் அணையலாமா என்று நான் வாயாடினேன். அது சாமி விட்ட வழி, நம் கையால் செய்யக் கூடாது என்றாள். நைனா கத்தப் போகிறார் என்று நினைத்தேன். அவரோ ஸ்க்ரூ டிரைவரைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, ரேடியோவின் முகத்துத் துணியில் காதை ஒட்டவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அன்றிலிருந்து அப்படித்தான் கேட்டார்.

சண்டை நின்ற சேதியையும் அந்தக் கடுகு வெடிப்புக்கு நடுவில்தான் பொறுக்கி எடுத்தோம். முனுசாமி மாமா தன் வீட்டிலிருந்து ஓடிவந்து நெசந்தான் என்று சொன்ன பிறகே அம்மா நம்பினாள். கேசரி கிண்டி, பழைய சண்டையெல்லாம் மறந்து, முதல் தட்டை மாமாவிடம் கொடுத்தாள். ஏழுமலை வந்து இறங்கினால் சாணை மோட்டாருக்குப் பொட்டு வைத்து மாலை போடுகிறேன் என்று நைனா கேலி பேசினார்.

சில நாள் கழித்து ஒரு மத்தியானம் தந்தி வந்தது. ரேடியோ கத்திக்கொண்டிருந்தது. தந்திக்காரர் எங்களுக்குத் தெரிந்தவர், "அண்ணாத்த, நீ மொதல்ல குந்து" என்றார். அதற்குமேல் அவர் படிக்கவே வேண்டியிருக்கவில்லை.

நைனா தரையில் சரிந்தார். அம்மா அழவில்லை. எழுந்து சாமி மாடத்துக்குப் போனாள். முருகனைப் பார்த்து, "எரிஞ்சுகினு இருக்கும்போதே பூட்டானே" என்றாள். சுவிட்சை அமர்த்தினாள்.

அந்த நொடியே கரகரப்பு நின்றது. கூடத்து ரேடியோவிலும் அடுப்பங்கரை ஸ்பீக்கரிலும் யாரோ ஒருவர் நெற்பயிருக்கு எப்போது உரம் போட வேண்டும் என்று கணீர்க் குரலில், ஒரு எழுத்துக்கூடச் சிதையாமல் சொல்லிக்கொண்டேயிருந்தார். அதைப் போய் நிறுத்த எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. வாசலில் கூடிவிட்ட கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்த முனுசாமி மாமாதான் நிறுத்தினார்.

அந்த வீடு இருந்த இடத்தில் இன்று ஒரு லாட்ஜ் நிற்கிறது. நைனா போய்விட்டார். முருகனோடு கடைசிவரை பேசாமலேயே அம்மாவும் போய்விட்டாள். அண்ணன் முறுக்கிய அந்த ஒயர் எந்த மண்ணோடு கலந்ததோ தெரியவில்லை. அந்தக் கரகரப்பு இருந்தவரைக்கும் எங்கள் வீட்டில் அண்ணன் இருந்தான், அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

போன வாரம் என் மகன் வெற்றிலைப் பெட்டி அளவில் ஒரு ஸ்பீக்கர் வாங்கிவந்தான். ஒயரே கிடையாதாம். பாட்டைப் போட்டுவிட்டு, "ஒரு பொட்டு இரைச்சல் கீதா பாரும்மா" என்றான். இல்லைதான். கொஞ்ச நேரம் கேட்டேன்.

"நல்லா கீதுடா கண்ணு," என்றேன். "அமத்திடு."