ரங்கூன் பேசிய ஞாயிறு

ரேடியோ கிளப்பில் அலாவுதீனுக்கு நாற்காலி கிடையாது. அவன் உறுப்பினர் அல்ல. ஆனாலும் அவன் இல்லாமல் அந்தக் கிளப்பின் ஏரியல் கம்பி ஒரு முழம்கூட மேலே ஏறியதில்லை. பனியன் கம்பெனியின் மாடிச் சுவரிலிருந்து எதிர்த்தோப்புத் தென்னையின் உச்சி வரைக்கும் இழுத்துக் கட்டியவன் அவன்தான். காற்றில் அறுந்தால் மறுபடி ஏறுகிறவனும் அவன்தான். கீழே நின்று "இன்னும் இழு, இன்னும் இழு" என்று கத்தியவர்கள் உறுப்பினர்கள்.

கம்பெனி சிவசுப்பிரமணியத்தின் அப்பாவுடையது. அலாவுதீன் அங்கே பிட்டர். வாரம் முழுக்கப் பின்னல் மெஷினுக்கு அடியில் கிடந்து எண்ணெயும் பஞ்சுமாக எழுந்து வருவான். ஞாயிற்றுக்கிழமை குளித்து வெள்ளைச் சட்டை போட்டு மாடிக்கு வந்துவிடுவான். சிவசுப்பிரமணியம் கோயமுத்தூரில் படித்தபோது ரேடியோ பைத்தியம் பிடித்துத் திரும்பியவர். பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கி, அறுபத்துநாலில் கிளப்பைத் தொடங்கினார். மதராஸ் மூர் மார்க்கெட்டில் கிடந்த பழைய மிலிட்டரி செட் ஒன்றை வாங்கி வந்து, பிரித்துப் போட்டு, வால்வு மாற்றி, மூன்று மாதம் மல்லுக்கட்டி அதைப் பேச வைத்தார்கள். பேசிய ஊர்க்காரர்கள் தபாலில் அனுப்பிய வண்ணக் கார்டுகள் சுவரில் வரிசையாக ஒட்டியிருக்கும். சிலோன், ஜப்பான், ஆஸ்திரேலியா.

கூட இருந்தவர்களில் இரண்டு பேர் முக்கியம். ஒருவர் சாமியப்பன் வாத்தியார். பள்ளிக்கூடத்தில் சயின்ஸ் எடுப்பவர், கிளப்பில் மோர்ஸ் பாடம் நடத்துவார். அதிர்ந்து பேசாத மனுஷன். இன்னொருவன் திருமூர்த்தி, நூல் ஏஜெண்டின் மகன். யார் குரலையும் வாயில் கொண்டுவந்துவிடுவான். மில் சங்கு ஊதுவான், ரயில் ஓட்டுவான், முதலாளி இருமுவதுபோல் இருமி, நூல் சுற்றும் வைண்டிங் பெண்களை எழுந்து நிற்க வைப்பான்.

கோடையில் கிளப் முழுவதும் அமராவதி அணைக்குப் போய்க் கூடாரம் அடித்தது. கரண்ட் இல்லாத இடத்திலிருந்தும் பேசிக் காட்ட வேண்டும் என்பது அவர்கள் திட்டம். கை ஜெனரேட்டரைச் சுற்றியவன் அலாவுதீன். மற்றவர்கள் முறைவைத்து மைக்கில் பேசினார்கள். சுற்றுவதற்கு முறை வைக்கவில்லை. உள்ளங்கை கொப்புளித்து உடைந்தது. திரும்பி வந்ததும் அம்மா காத்தூன் பீவியிடம் கையை விரித்துக் காட்டி, "இந்தக் கையாலதாம்மா இன்னிக்குக் கல்கத்தாக்காரன் பேசுனான்" என்றான். அவனுக்கு அது பெருமைதான்.

அவன் மாடிக்குப் போனதற்கு ஒரு காரணம் இருந்தது. அவன் அண்ணன் உமர் ரங்கூனில் இருந்தான். ஒரு ஜவுளிக் கடையில் வேலை. ஐம்பத்தேழில் ஊருக்கு வந்து நூர்ஜானைக் கல்யாணம் செய்து, ஒரு நோன்புப் பெருநாள் வரைக்கும் இருந்துவிட்டுக் கப்பல் ஏறினான். கொஞ்ச காலம் கடிதம் வந்தது. பிறகு நின்றது. அங்கே பட்டாளத்து ஆட்சி வந்துவிட்டது என்றார்கள், கடைகளைப் பிடுங்கிக்கொண்டார்கள் என்றார்கள். உமரைப் பற்றி மட்டும் யாரும் எதுவும் சொல்லவில்லை. ஜப்பானைப் பிடிக்கிற செட்டு ரங்கூனைப் பிடிக்காதா என்பது அலாவுதீனின் கணக்கு. ஒவ்வொரு ஞாயிறும் கேட்பான்.

"ஏனுங்க சின்ன மொதலாளி, ரங்கூன் கெடைக்குதுங்களா?"

"பாக்கலாம்ப்பா. மொதல்ல அந்த ஏணிய எடு."

பர்மாவில் இந்தக் கிளப் மாதிரியான அமெச்சூர் ஸ்டேஷன்களின் வாயை அரசாங்கம் அடைத்துவிட்டது, அங்கிருந்து யாரும் பேசப்போவதில்லை என்பது உறுப்பினர்கள் எல்லாருக்கும் தெரியும். ஒருவரும் அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் தென்னை ஏற வரமாட்டானோ என்று பயந்தார்களோ என்னவோ. அவன் அப்படிக் கேட்பது அவர்களுக்கு ஒரு வேடிக்கையாகவும் ஆகிவிட்டது. அவன் தலை மாடிப்படியில் தெரிந்தாலே திருமூர்த்தி, "ஏனுங்க, ரங்கூனுங்களா?" என்று அவன் குரலிலேயே கேட்பான். எல்லாரும் சிரிப்பார்கள். அலாவுதீனும் சிரிப்பான்.

அறுபத்தாறு மாசியில் ஒரு ஞாயிறு சாயங்காலம் அவன் மாடி ஏறியபோது சிவசுப்பிரமணியம் காதில் ஹெட்போனோடு கைகாட்டி நிறுத்தினார்.

"சத்தம் போடாத அலாவுதீனு. ரங்கூன் வருது."

ஸ்பீக்கரில் இரைச்சல். வாணலியில் கடுகு பொரிகிற மாதிரி. அதற்குள்ளிருந்து ஒரு குரல் தேய்ந்து தேய்ந்து வந்தது. "ஹலோ, திருப்பூர்... இங்கே ரங்கூன்... டாக்டர் மாணிக்கம் பேசுகிறேன்..."

ஸ்பீக்கரிலிருந்து ஒரு ஒயர் பலகைத் தடுப்புக்கு அடியில் நுழைந்து அடுத்த அறைக்குப் போயிருந்தது. அங்கே நூல் மூட்டைகளுக்கு நடுவில் திருமூர்த்தி மைக்கைப் பிடித்துக்கொண்டு, மூக்கை இரண்டு விரலால் அமுக்கி உட்கார்ந்திருந்தான். அன்றைக்குக் கிளப்பின் ஆண்டு விழா. டீயும் காராபூந்தியும் வந்திருந்தன. சாப்பிடும் முன் கொஞ்சம் சிரிக்கலாம் என்று ஏற்பாடு. சிவசுப்பிரமணியம் மைக்கில் உமரின் பெயரைச் சொல்லி விசாரித்தார்.

"உமரா? திருப்பூர் உமர்தானே? நல்லாத் தெரியும். சௌக்கியமா இருக்கார். வெளியே வர பர்மிட் கிடைக்கவில்லை..."

அலாவுதீன் ஸ்பீக்கரை நெருங்கி வந்தான். சிவசுப்பிரமணியம் உதட்டைக் கடித்துக்கொண்டு மைக்கை அவன் பக்கம் தள்ளினார். கிளப்பில் அவன் வாய்க்கு நேரே மைக் வந்தது அதுதான் முதல் தடவை. அவன் அதைப் பார்த்து ஸலாம் சொன்னான். பிறகு, அங்கே இருந்த ஒருவருக்கும் தெரியாத ஒரு விஷயத்தைக் கேட்டான்.

"ஐயா, எங்க மதினிக்கு வேற எடத்துல நிக்காஹ் பேசி முடிச்சிருக்குதுங்க. அண்ணன் போயிட்டாருன்னு நெனச்சு ஜமாத்துல பழைய கல்யாணத்த முறிச்சுட்டாங்க. வர்ற வெள்ளிக்கெழமைங்க. நாங்க என்ன பண்றதுங்க? அண்ணங்கிட்டக் கேட்டுச் சொல்லுங்கய்யா."

ஸ்பீக்கரில் வெறும் இரைச்சல். சாமியப்பன் வாத்தியார் கையிலிருந்த கிளாஸைக் கீழே வைத்துவிட்டு சிவசுப்பிரமணியத்தைப் பார்த்தார். அந்த நேரத்தில் யாராவது ஒருவர் எழுந்து தடுப்புக் கதவைத் திறந்திருந்தால் போதும். யாரும் எழவில்லை. தடுப்புக்கு அந்தப் பக்கம் திருமூர்த்திக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அது இங்கே கரகரப்பாகத்தான் கேட்டது.

"காத்திருக்கச் சொல்லுங்க," என்றது குரல். "உமர் வருவார். காத்திருக்கச் சொல்லுங்க."

திருமூர்த்தி கதவைத் திறந்து "எப்படி?" என்று குதித்து வெளியே வருவதற்குள் அலாவுதீன் படியில் பாதி இறங்கியிருந்தான். செருப்பைக்கூடப் போடவில்லை. "டேய், நில்லுப்பா" என்று சிவசுப்பிரமணியம் மாடிச் சுவரிலிருந்து ஒரு தடவை கூப்பிட்டார். அவன் தெரு முக்கு திரும்பிவிட்டான். அவர்கள் உள்ளே போய் டீ குடித்தார்கள்.

நூர்ஜான் அந்த நாட்களில் வேறொரு கம்பெனியில் பனியனுக்குக் கை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள். மாமியாரோடு இருந்தாள். அவள் சம்பளமும் சேர்ந்துதான் அந்த வீடு ஓடியது. அவளைக் கேட்டிருந்தவர் காஜா மொய்தீன். மனைவியை இழந்தவர், அருள்புரத்தில் வேஸ்ட் துணி வியாபாரம். நிதானமான ஆள். பேச்சு முடிந்த பிறகுதான் நூர்ஜான் பல வருஷத்துக்கு அப்புறம் கண்ணாடி வளையல் வாங்கிப் போட்டாள். அலாவுதீன் ஓடிவந்து மூச்சுவாங்கச் சொன்னதை அவள் நின்றபடியே கேட்டாள்.

"நெசமாவா தம்பி? உன் காதால கேட்டியா?"

"எங் காதால கேட்டேன் மதினி. அல்லா மேல ஆணை. காத்திருக்கச் சொல்லுச்சு."

காத்தூன் பீவி மகன் பெயரைச் சொல்லி ஓவென்று அழுதாள். நூர்ஜான் அழவில்லை. வளையல்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாடக்குழியில் வைத்தாள். வெள்ளிக்கிழமை கல்யாணம் நடக்கவில்லை.

அந்த ஞாயிறு அலாவுதீன் அல்வா வாங்கிக்கொண்டு மாடிக்குப் போனான். உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் சிவசுப்பிரமணியம் இருந்தார். ஆனால் கல்யாணம் நின்றுபோனதைக் கேட்டதும் அவருக்கு வாய் வரவில்லை. இனிமேல் சொன்னால் வம்பு. அல்வாவை எல்லாரும் சாப்பிட்டார்கள். வாத்தியார் மட்டும் விழுங்கச் சிரமப்பட்டார். ஆனாலும் விழுங்கினார்.

அதற்குப் பிறகு அவன் ஞாயிறு தவறாமல் வந்து கேட்டான், ரங்கூன் டாக்டர் மறுபடி வந்தாரா என்று. காற்று சரியில்லை என்றார்கள். மழைக்காலம் என்றார்கள். வெயில்காலம் என்றார்கள். காஜா மொய்தீன் ஒரு வருஷம் பொறுத்திருந்து, பிறகு பல்லடத்தில் வேறு பெண்ணை முடித்துக்கொண்டார்.

அந்த வருஷங்களில் பர்மாவிலிருந்து அகதிக் கப்பல்கள் மதராஸுக்கு வந்துகொண்டிருந்தன. அப்படி வந்த பக்கீர் முகமது என்பவர் அறுபத்தொன்பதில் பிழைப்புத் தேடித் திருப்பூருக்கு வந்தார். பள்ளிவாசலில் உமரின் பெயரைக் கேட்டவர், தானே வீட்டைத் தேடி வந்தார். உமர் காய்ச்சலில் செத்துப்போனான் என்றார். பட்டாளம் ஆட்சியைப் பிடிப்பதற்கு முந்தின வருஷமே. "மையித்தக் குளிப்பாட்டுனதுல நானும் ஒருத்தன்மா," என்றார். இடது தோளில் இருந்த தீக்காயத் தழும்பைச் சொன்னார். அந்தத் தழும்பை நூர்ஜானுக்குத் தெரியும்.

அவள் அலாவுதீன் பக்கம் திரும்பினாள். "அப்போ அன்னிக்குப் பேசுனது யாரு?"

அவன் கம்பெனி மாடிக்கு ஓடினான். மூன்று பேரும் இருந்தார்கள். கேட்டான். சிவசுப்பிரமணியம் செட்டின் டயலைத் திருகினார். பிறகு திருமூர்த்திக்கு ஞாபகம் வந்துவிட்டது.

"அட, அதா! நீ இன்னுமா அத நெசம்னு நெனச்சுட்டு இருக்கற?" என்றவன், மூக்கை இரண்டு விரலால் அமுக்கிப் பிடித்தான். "காத்திருக்கச் சொல்லுங்க... உமர் வருவார்..."

அதே குரல். அலாவுதீன் அந்தக் குரலுக்குத்தான் மூன்று வருஷம் தென்னை ஏறியிருக்கிறான். அவனுக்குக் கோபம்கூட வரவில்லை. முதலில் வந்தது கூச்சம், வேட்டி அவிழ்ந்து நடுத்தெருவில் நிற்கிற மாதிரி.

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமுங்களே," என்றான் சிவசுப்பிரமணியத்திடம்.

"கூப்பிட்டேனப்பா. நீதான் நிக்காம ஓடிட்ட."

அவன் வீட்டுக்குப் போய் நடந்ததை நடந்தபடி சொன்னான். நூர்ஜான் நம்பவில்லை. பெரிய வீட்டுப் படித்த ஆட்கள், மூட்டைக்குள் ஒளிந்துகொண்டு, ஒரு பிட்டரை ஏமாற்றவா உட்கார்ந்திருப்பார்கள்? அவளுக்கு வேறொன்று பட்டது. பட்டதும் அது அவளை விடவில்லை. எப்போதும் அவனை 'நீ' என்பவள் 'நீங்க' என்றாள்.

"எஞ் சம்பளம் ஊட்ட உட்டுப் போகக்கூடாதுன்னு ஆத்தாளும் மகனும் கட்டுன கதைங்களா அது?"

காத்தூன் பீவி மார்பில் அடித்துக்கொண்டாள். நூர்ஜான் ஜமாத்தில் முறையிட்டாள். அக்கம்பக்கத்தாருக்கெல்லாம் அவள் சொன்னதுதான் பொருத்தமாகப் பட்டது. அலாவுதீன் பெரியவர்களிடம் ஒன்றுதான் கேட்டான்: சாமியப்பன் வாத்தியாரைக் கூப்பிட்டு விசாரியுங்கள். அவர் பொய் சொல்லமாட்டார்.

விசாரணைக்கு முந்தின நாள் சிவசுப்பிரமணியம் வாத்தியார் வீட்டுக்குப் போயிருந்தார். "யாராச்சும் ஒரு பெட்டிஷன் போட்டாப் போதுமுங்க, லைசென்ஸப் புடுங்கிருவாங்க. கிளப்பையே மூடணும். பாத்துக்குங்க," என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தார்.

வாத்தியார் வந்தார். பள்ளிவாசல் பக்கத்து அறையில் பாயில் உட்கார்ந்தார். கதவுக்கு அந்தப் பக்கம் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நூர்ஜான் நின்றாள். பெரியவர் ஒருவர் கேட்டார். வாத்தியார் அலாவுதீனைப் பார்க்காமல், தன் கைகளைப் பார்த்தபடி சொன்னார்.

"இல்லீங்க. எங்க கிளப்புல அந்த மாதிரி எதுவும் நடக்கலீங்க. ரங்கூனோட நாங்க பேசுனதே இல்லீங்க."

இரண்டாவதாகச் சொன்னது உண்மை.

"வாத்தியாரே," என்றான் அலாவுதீன். "அல்வாத் தின்னீங்களே வாத்தியாரே."

அதற்கு என்ன அர்த்தம் என்று அங்கே யாருக்கும் புரியவில்லை. வாத்தியாருக்குப் புரிந்தது. அவர் எழுந்து எல்லாருக்கும் வணக்கம் சொல்லிவிட்டுப் போனார். நூர்ஜான் அன்றே துணிமூட்டையைக் கட்டிக்கொண்டு பல்லடத்துப் பக்கம் அக்காள் வீட்டுக்குப் போய்விட்டாள். அடுத்த வாரம் கம்பெனியில் அலாவுதீனுக்கு வேலை இல்லை என்றார்கள். காரணம் சொல்லவில்லை. அவன் இடத்தில் வந்த பிட்டர் கருப்புசாமிக்குத் தென்னை ஏறத் தெரியும்.

அலாவுதீன் முதலிபாளையம் பக்கம் ஒரு சாயப்பட்டறையில் சேர்ந்தான். பெண் கேட்டுப் போன இடங்களில் எல்லாம் பழைய கதை முன்னால் போய் உட்கார்ந்திருந்தது. அவனுக்குக் கல்யாணம் ஆகவில்லை. இடையில் ஒரு புயலின்போது தபால் தந்தி எல்லாம் அறுந்து கிடக்க, கிளப் இரவுபகலாகச் செய்தி வாங்கிக் கொடுத்தது. காணாமல் போனவர்களைப் பற்றி வீட்டுக்காரர்களுக்குத் தகவல் சொன்னதற்காக டவுன் ஹாலில் மாலை போட்டார்கள். திருமூர்த்தி மேடையில் புயல் காற்றைப் போல ஊதிக் காட்டினான் என்றும், கைதட்டல் அடங்க நேரம் ஆனது என்றும் பட்டறையில் பேசிக்கொண்டார்கள். அலாவுதீன் சாயத் தொட்டியில் துணியைப் புரட்டிக்கொண்டே கேட்டான்.

எழுபத்துநாலில் காத்தூன் பீவி இறந்துபோனாள். நூர்ஜான் வந்தாள். தலை பாதி நரைத்திருந்தது. மையித்தின் பக்கத்தில் உட்கார்ந்து ஓதினாள். புறப்படும்போது வாசலில் அலாவுதீன் குறுக்கே போய் நின்றான்.

"மதினி, இப்பவாச்சும் நம்புங்க. நான் பொய் சொல்லல. என்னைய ஏமாத்துனாங்க."

அவள் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

"இருக்கட்டும் தம்பி. நீங்க சொல்றது நெசமாவே இருக்கட்டும்," என்றாள். "ஆனா எங்கிட்ட ஓடி வந்து சொன்னது அவுங்க இல்லீங்களே. நீங்கதானே."

அவள் தெருவில் இறங்கி நடந்தாள். பல்லடம் பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது. உள்ளேயிருந்து, மையித்தை வைத்த சந்தூக்கைத் தூக்க வேண்டும், மகன் எங்கே என்று ஆண்கள் கூப்பிட்டார்கள். அலாவுதீன் உள்ளே போய்த் தோள் கொடுத்தான்.