உள்ளங்கைச் சீனி

அத்தையின் இடது உள்ளங்கை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. தேயிலைக் கொழுந்தின் கறை ஏறி, வெடிப்புகளில் கறுப்பு ஓடிய கை. டிக்கோயாவுக்கு மேலே, எங்கள் தோட்டத்து மலையில் காலைத் தேத்தண்ணி வந்ததும் பெண்கள் கூடைகளை இறக்கிவிட்டு வட்டமாக உட்காருவார்கள். தேத்தண்ணியில் சீனி கலப்பதில்லை. ஒருத்தி பொட்டலத்தைப் பிரித்து எல்லாருடைய இடது கையிலும் கொஞ்சம் கொட்டுவாள். ஒரு நக்கு, ஒரு மிடறு. லயத்து வீடுகளின் செய்தியெல்லாம் அந்த நேரத்தில்தான் பேசித் தீரும். மாமா இறந்து, மகன் கொழும்புக்குப் போன பிறகு, அத்தை வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அங்கே மட்டும்தான்.

நீரிழிவு என்று தெரிந்ததும் ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்தார்கள். சீனியை விட வேண்டும், நடக்க வேண்டும் என்றும் சொன்னார்கள். "நடையா? நாள் பூரா மலையில ஏறி எறங்குறேன், இன்னும் எங்க போயி நடக்குறது?" என்று வீட்டில் வந்து கேட்டார். மாத்திரையை ஒழுங்காகப் போட்டார். மாத்திரைதான் இருக்கிறதே என்று சீனிக்கும் கையை நீட்டினார். கால் விரலில் பட்ட புண் ஆறாமல் போனபோதுதான் பயம் வந்தது. விரலை எடுத்துவிட்டால் மலையேற முடியாது.

பயந்தவர் எல்லாவற்றையும் ஒரேயடியாக விட்டுவிட்டார். ரொட்டியும் மாவுதானே என்று காலைச் சாப்பாட்டையும் நிறுத்தினார். வட்டத்தில் உட்கார்ந்தால் கை தானாக நீளும் என்று இரண்டு செடி நிரை தள்ளித் தனியே உட்கார்ந்தார். "தொரசானிக்கு நம்மகூட ஒக்கார கூசுது போல" என்று அடுத்த வீட்டுத் தோழி அவர் காதில் விழும்படியே சொன்னாளாம்.

நான் விடுமுறைக்குப் போயிருந்த வாரத்தில் ஒரு காலை, வெறும் வயிற்றில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு மலைக்குப் போனவர், தேத்தண்ணி நேரத்தில் வேர்த்து, கை நடுங்கி, செடியைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டார். முதலில் ஓடிப் போனவள் அதே தோழி. தன் கையிலிருந்த சீனியை அத்தையின் வாயில் போட்டாள். "மொதல்ல இத முழுங்கு. தொரசானி வேலையெல்லாம் பொறகு பாத்துக்கலாம்." மாலையில் அவளே வந்து இதை எனக்குச் சொல்ல, அத்தை பக்கத்தில் இருந்து புன்னகைத்தார். வெறும் வயிற்றில் மாத்திரை போட்டால் உடம்பில் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிடும், சாப்பிட்டே ஆக வேண்டும் என்று மறுநாள் டாக்டர் கண்டித்து அனுப்பினார்.

அதன்பின் அத்தை வட்டத்துக்குத் திரும்பினார். சீனி சுற்றி வரும்போது இடது கையை மூடி மடியில் வைத்துக்கொள்வார். புண் மெல்ல ஆறியது.

அத்தை வேலையிலிருந்து நின்றதும் மகன் அவரைக் கொழும்புக்கு அழைத்துப் போனான். சென்ற மாதம் பார்க்கப் போனேன். மூன்றாம் மாடி. பகலில் வீட்டில் வேறு யாரும் இல்லை. மருமகள் மாத்திரைகளை வேளைவாரியாகப் பிரித்து வைத்திருந்தாள். மாலையில் அத்தை வாசலுக்கு வெளியே உள்ள நடைவழியில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக நடப்பாராம்.

"சுகர் இப்ப நல்லா இருக்குதுங்குறாங்க தம்பி."

எதிர்வீட்டில் யார் என்று கேட்டேன்.

"தெரியல. அந்தக் கதவு தொறந்து பாத்ததில்ல."

சீனியில்லாத தேத்தண்ணியை இருவரும் குடித்தோம். கோப்பை அவருடைய வலது கையில் இருந்தது. இடது கை மடியில் விரிந்தபடி கிடந்தது. கறை முழுவதும் போயிருந்தது.